புக்கானன் போன வழியில் நம்முடைய கணக்கு

நாம் நினைவுகூரும் தோழரைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். அவருடைய ஒரு பழக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இங்க கூலி எவ்வளவு?" என்பதுதான். கலவரம் நடந்து குடிசை எரிந்த ஊராக இருந்தாலும், தேர்த் தகராறு நடந்த ஊராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார். நடவுக்கு எவ்வளவு, அறுப்புக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, நெல்லாகவா பணமாகவா? பக்கத்தில் நிற்கும் எங்களுக்கு அது பொருத்தமில்லாத கேள்வியாகப் படும். அதே கேள்வியை 220 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் தென்னிந்தியா முழுக்கக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். அவர் போன வழியின் சில பகுதிகளில் கடந்த இரண்டு ஆண்டுகளாக நானும் இரண்டு மாணவர்களும் போய்வந்தோம். அதைப் பற்றித்தான் இந்த உரை.

முதலில் என் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. ஆயாவும் தாத்தாவும் ஒரே வீட்டுக்குப் படியாளாக இருந்தவர்கள். அறுப்பு முடிந்து, போரடித்து, தூற்றி, பொலியை அளந்து மூட்டைகள் வண்டி ஏறிய பிறகு களத்தில் தரையோடு தரையாகக் கொஞ்சம் நெல் கிடக்கும். அது சேரிக்கு. களத்தைச் சாணம் போட்டு மெழுகியிருப்பார்கள். அதனால் அந்த நெல்லில் மண்ணும் இருக்கும், காய்ந்த சாணப் பொருக்கும் இருக்கும். ஆயா அதைக் கூட்டிப் பெருக்கி முறத்தில் அள்ளிக்கொண்டு போய், ஏரித் தண்ணீரில் மூன்று தடவை அலசி, பாறையில் காயவைத்துக் குத்துவார். "எவ்ளோ அலசினாலும் கஞ்சியில அந்த வாசனை இருக்கும்டி" என்பார். சின்ன வயதில் அது எங்கள் வீட்டு வறுமை என்று நினைத்தேன். எங்கள் ஊர் ஆண்டையின் கஞ்சத்தனம் என்று பிறகு நினைத்தேன்.

முதுகலை சமூகவியல் வகுப்பில் சாதியைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது லூயி துய்மோன் வழியாக. தூய்மை, தீட்டு, படிநிலை. களத்து நெல் அந்தப் பாடத்தில் எங்கும் வரவில்லை. படிப்பு முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் பிரான்சிஸ் புக்கானனின் பயண நூலைப் புரட்டினேன். மைசூர் நாட்டில் ஒரு ராகிக் குவியலை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். குவியலை அளப்பதற்கு முன் கோயிலுக்கு இவ்வளவு, பிராமணருக்கு இவ்வளவு, சோதிடர், நாவிதர், குயவர், வண்ணார், தச்சர், ஊர்த்தலைவர், கணக்கர் என்று ஒவ்வொருவருக்கும் சேர்க்கணக்கில் ஒரு பங்கு. கடைசியில் குவியலின் அடிப்பகுதி. குவியல் தூய்மையாக இருக்க வேண்டும் என்று தரையில் சாணம் இட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தச் சாணம் கலந்த அடித் தானியம் ஏரித் தண்ணீர் பாய்ச்சும் நீர்கண்டிக்குப் போகிறது. நீர்கண்டி வேலை பல ஊர்களில் நம் மக்களின் வேலை.

அந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஆயா அலசிய நெல் எங்கள் வீட்டு வறுமையும் இல்லை, ஒரு ஆண்டையின் கஞ்சத்தனமும் இல்லை. மொழி வேறு, அரசு வேறு, தானியம் வேறு, இடையில் இரண்டு நூற்றாண்டு வேறு. பங்கு மட்டும் அதேதான். துய்மோனின் தூய்மையும் எங்கள் கஞ்சியும் ஒரே குவியலின் அடியில் இருந்திருக்கின்றன. குவியலைத் தூய்மையாக்க எதைப் போட்டார்களோ அதுவே கடைசி ஆளின் சாப்பாட்டில் சேர்ந்தது.

யார் இந்த புக்கானன்? 1762இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துக் கம்பெனி வேலைக்கு வந்தவர், தாவரவியலில் ஆர்வம் உள்ளவர். பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டதால் சில நூல்களில் அந்தப் பெயரிலும் வருவார். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். திப்புவின் நாடு கைக்கு வந்ததும் அதில் என்ன விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள், எவ்வளவு தேறும் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இவரை அனுப்பினார். 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையில் புறப்பட்டவர் காஞ்சிபுரம், ஆற்காடு வழியாக மைசூர் நாட்டுக்குள் ஏறி, பிறகு கோயம்புத்தூர்ப் பகுதிக்கு இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபாருக்குள் போய், கன்னடக் கரை வழியாக மீண்டும் மைசூர் சுற்றி, 1801 ஜூலையில்தான் சென்னைக்குத் திரும்பினார். நாள்வாரியாக எழுதிய குறிப்புகள் 1807இல் லண்டனில் மூன்று பெரிய தொகுதிகளாக அச்சாயின.

அவர் நம்மைப் பற்றி எழுத வந்தவர் இல்லை. மிளகு, சந்தனம், பருத்தி, இரும்பு, மாடு இவற்றைப் பார்க்க வந்தவர். மாட்டைப் பற்றி எழுதினால் மாட்டை ஓட்டுகிறவனைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அப்படித்தான் நம்மவர்கள் அந்த நூலுக்குள் வருகிறார்கள், செலவுக் கணக்கில் ஒரு வரியாக. அந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்து, அந்தந்த ஊருக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் தடங்கல் ஊர்ப் பெயர்கள். அவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். கண்ணால் படித்தால் ஒன்றும் புரியாது. ஒரு மாணவி பேருந்தில் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். "கொண்டதூரா, கொண்டதூரு... அக்கா, குன்றத்தூர்!" முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "சேம்ப்ரம்பாகம்" என்பதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆவணத்தைப் படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு சின்னக் குறிப்பு: காலனிய ஆவணத்தில் நம் சொல் இருக்கும், நம் எழுத்து இருக்காது. வாய்விட்டுப் படியுங்கள்.

செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து அவர் வியந்திருக்கிறார். வங்காளத்துக் குளங்களைப் போலத் தோண்டியது இல்லை, இரண்டு இயற்கை மேடுகளுக்கு இடையே கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள் என்று விளக்குகிறார். மழை பொய்த்தாலும் 32 ஊர்களின் நிலத்துக்கு 18 மாதம் தண்ணீர் தரும், அந்த ஊர்களில் உழவு வேலையில் 5000 பேர் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது கரைமேல் நின்று அந்தப் பகுதியைப் படித்தோம். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் தொழிற்சாலைக் கூரைகள். 2015 டிசம்பரில் இந்த ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் போனபோது கரையோரக் குடிசைகள் என்ன ஆயின, அந்தக் குடும்பங்கள் பிறகு பெரும்பாக்கத்துக்கு எப்படி அனுப்பப்பட்டன என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு நேரில் தெரியும். 5000 பேர் என்ற எண்ணை எழுதியவர், அந்த 5000 பேரில் எத்தனை பேருக்கு அந்த 32 ஊரில் ஒரு காணி நிலமாவது இருந்தது என்று அந்த இடத்தில் எழுதவில்லை. அதை அறிய இன்னும் இரண்டு மூன்று நாள் அவருடன் நடக்க வேண்டும்.

காஞ்சிபுரம் தாண்டி ஆற்காட்டுப் பக்கம் போகும்போது விவரம் வருகிறது. நிலத்தின் பெரும்பகுதி பிராமணர் கையில். அவர்கள் ஏரைத் தொடுவதில்லை. உழைப்பவர்கள் அடிமைகளும் கூலிகளும். அந்த உழைப்பாளிகளை அவர் "பஞ்சம பந்தம்" என்ற பெயரில் குறிக்கிறார். அதில் நான்கு பிரிவு என்று எழுதுகிறார்: பறையர், வள்ளுவர், சக்கிலியர், தோட்டி. இந்நாட்டிலேயே மிகவும் உரமுள்ள, மிகவும் பாடுபடும் மக்கள் இவர்கள்தான் என்றும், ஆனால் பெரும்பாலோர் அடிமைகள் என்றும் சொல்கிறார்.

அதற்கு அடுத்து வருவதுதான் என்னை அந்த வழியில் நடக்க வைத்தது. இவர்களுடைய மதிப்பு ஹைதர் அலிக்கு நன்றாகத் தெரிந்திருந்ததாம். கர்நாடகப் பகுதிமீது படையெடுத்து வந்தபோதெல்லாம் முக்கியமாக இவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போக முயன்றிருக்கிறார். கொண்டுபோய்த் தன் நாட்டில் பல இடங்களில் விவசாயிகளாகக் குடியமர்த்தியிருக்கிறார். இவர்களுடைய சாதிப் பெயர் இழிசொல்லாகப் புழங்கியதால் அந்தப் பெயரால் யாரும் அழைக்கக்கூடாது, உழவர் என்றே அழைக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டிருக்கிறார்.

ஹைதரின் பெரிய படையெடுப்பு 1780இல். அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கம்பெனிப் படையை அவர் ஒழித்துக்கட்டியதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். பீரங்கி, குதிரைப்படை, சிறைப்பட்ட வெள்ளை அதிகாரிகள் எல்லாம் அதில் வரும். அதே படை திரும்பும்போது இழுத்துக்கொண்டு போன நம்மவர்களைப் பற்றி ஒரு வரி வராது. புக்கானன் அந்த வழியில் வந்தபோது இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள்.

ஹைதரை விடுதலை வீரராக்க நான் இதைச் சொல்லவில்லை. மாட்டைக் கவர்வதுபோல ஆளைக் கவர்ந்தது அது. குடும்பங்கள் பிரிந்திருக்கும், வழியில் செத்தவர்கள் இருப்பார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். காஞ்சிபுரத்தில் தீண்டப்படாதவன், மலை ஏறியதும் உழவன். ஆள் மாறவில்லை, உடம்பு மாறவில்லை, தொழில்கூட மாறவில்லை. அரசனுக்கு நிலம் தரிசாகக் கிடந்தது, கை தேவைப்பட்டது. பெயரும் மாறியது, நிலமும் கிடைத்தது. பிறவியால் வந்தது என்று சாத்திரம் சொல்லும் ஒன்று, வரி வசூலிக்க வேண்டிய ஓர் அரசனின் உத்தரவில் இடம் பெயர்கிறது.

பெயரைப் பற்றிய இந்தக் கதை அங்கே நிற்கவில்லை. அதே செங்கல்பட்டுச் சீமையில் 1891இல் கலெக்டர் திரமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று போராடும் நிலம் அந்தப் "பஞ்சம" என்ற சொல்லைத்தான் தாங்கி நிற்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் அந்தப் பெயர்களை மறுத்தார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்துத் தலை நிமிர்ந்தார். 1922இல் எம்.சி.ராஜா போன்றோரின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசாணையில் வந்தது. நாமே நமக்குப் பெயர் வைத்துக்கொண்ட வரலாறு இது. நமக்கு நன்றாகத் தெரியும். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்னால் பெயரும் நிலமும் ஒரே உத்தரவில் சேர்ந்து வந்த ஒரு தருணம் இருந்தது என்பது எனக்குப் புதிது.

ஆற்காட்டிலிருந்து மைசூர் நாட்டுக்குப் போன பாதையை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை. வசதி கருதி இரண்டாவது கட்டமாகக் கணவாய் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனோம். கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து புக்கானன் 1800 நவம்பர் கடைசியில் கொல்லங்கோடு வழியாக மலபாருக்குள் நுழைகிறார். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் பேருந்து இருக்கிறது. வழியில் கோவிந்தாபுரம். அங்குள்ள அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் மக்கள் தேநீர்க் கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் தீண்டாமை நடப்பதாக 2017இல் சொன்னது கேரளத்தில் பெரிய செய்தியானது. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லைப் பகுதி அது.

பாலக்காட்டு வயல்களில் உழைத்த செறுமர்களைப் பற்றிப் புக்கானன் எழுதியதுதான் அந்த நூலில் நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. அடிமைகளை உடைமையாளர் மூன்று விதமாகக் கைமாற்றலாம் என்று விளக்குகிறார்: ஜன்மம், காணம், பாட்டம். வகுப்பில் இதை விளக்கினால் குழம்புவார்கள். ஆகவே நம் வீட்டுக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு வீடு இருக்கிறது. அதைக் கிரயம் செய்யலாம், ஒத்திக்கு விடலாம், வாடகைக்கு விடலாம். வீடு என்று சொன்ன இடத்தில் மனிதர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்மம் என்பது கிரயம். இளம் கணவன் மனைவி இருவரும் சேர்த்து 250 முதல் 300 பணம். இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு 100 பணம் கூடும். கணவனையும் மனைவியையும் பிரித்து விற்கக்கூடாது என்பது வழக்கம். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கலாம், அண்ணனைத் தங்கையிடமிருந்து பிரிக்கலாம்.

காணம் என்பது ஒத்தி. ஆளின் மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடனாக வாங்கிக்கொண்டு ஆளை ஒப்படைப்பது. ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் நெல் உடைமையாளருக்கு வரும். ஆள் இன்னும் என்னுடையவன்தான் என்று காட்டுவதற்கு.

பாட்டம் என்பது வாடகை. ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி.

இந்த எண்களை நாங்கள் பாலக்காட்டில் ஒரு தேநீர்க் கடை மேசையில் வைத்துக் கணக்குப் போட்டோம். கணவன் மனைவி இருவருக்கும் வாடகை 12 பணம், விலை 250 அல்லது 300. முதலில் நான்கிலிருந்து ஐந்து விழுக்காடு வரை வருமானம். கூட வந்த மாணவன் வணிகவியல் படித்தவன். "வட்டி மாதிரி இருக்குக்கா" என்றான். வட்டி மாதிரி இல்லை, வட்டியேதான். கொடுமைக்காரர்கள் சிலர் செய்த கொடுமை என்று இதைச் சொல்லி முடிக்க முடியாது. விலை நிர்ணயமாகியிருக்கிறது, அடமான விகிதம் நிர்ணயமாகியிருக்கிறது, வாடகை நிர்ணயமாகியிருக்கிறது. பெண்ணின் உழைப்பு பாதி என்பதும் அப்போதே நிர்ணயமாகியிருக்கிறது. இன்றைக்கும் பல ஊர்களில் நடவுக் கூலிக்கும் ஏர்க் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது வேலையின் கடுமையை வைத்து விளக்க வந்தால், இந்த 8க்கு 4ஐ அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பின்னிரண்டு முறைகளும் மிகவும் அருவருப்பானவை என்று புக்கானனே கோபப்படுகிறார். காரணத்தையும் சொல்கிறார். வாடகைக்கோ ஒத்திக்கோ எடுத்தவனுக்கு ஆள் தன்னுடையவன் இல்லை. இருக்கும் காலத்துக்குள் அதிகபட்ச வேலையை வாங்க வேண்டும், குறைந்தபட்சச் சோறு போட வேண்டும். செறுமர்களின் குட்டையான உருவமும் வாடிய உடம்பும் போதிய சாப்பாடு இல்லை என்பதைக் காட்டுகின்றன என்று எழுதுகிறார். அவர்களுடைய குடிசைகள் பெரிய கூடையைவிடக் கொஞ்சம்தான் மேல் என்கிறார். பயிர் நிற்கும்போது வயலுக்கு நடுவில், போரடிக்கும்போது போருக்குப் பக்கத்தில். வீடு என்பதே காவல் வேலைக்கான இடம். மலையாளத்தில் அதற்குச் சாள என்று பெயர்.

இங்கே ஒரு பெரிய விவாதம் குறுக்கிடுகிறது. சாதியின் இன்றைய இறுக்கம் வெள்ளைக்காரன் உண்டாக்கியது, அதற்கு முன்னால் ஊர்கள் இணக்கமாக இருந்தன என்று சொல்கிறவர்கள் பல முகாம்களில் இருக்கிறார்கள். மலபார் கம்பெனி கைக்கு வந்தது 1792இல். புக்கானன் போனது எட்டே ஆண்டு கழித்து. ஜன்மம், காணம், பாட்டம் என்று உள்ளூர்ச் சொற்களிலேயே பெயர் வைத்து, பிள்ளைகளைப் பிரிக்கலாம், தம்பதியைப் பிரிக்கக்கூடாது என்று வழக்காறும் வைத்திருக்கும் ஒரு முறையை எட்டு ஆண்டில் கம்பெனி உண்டாக்கியிருக்க முடியாது. தர்மா குமார் 1965இல் எழுதிய ஆய்வு நூலில் இதைத்தான் நிறுவினார்: தென்னிந்தியாவில் நிலமற்ற உழைக்கும் சாதிகள் ஆங்கில ஆட்சிக்கு முன்பே இருந்தன.

கம்பெனி இதை உண்டாக்கவில்லை, சரி. ஒழித்ததா? வடக்கே கண்ணூர்ப் பக்கம் அஞ்சரக்கண்டியில் ஒரு தோட்டம். மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரரின் பொறுப்பில் இருந்தது. புக்கானன் அங்கே போனார், பிரவுனிடம் மலபாரைப் பற்றிய விவரங்களையும் கேட்டுக்கொண்டார். பத்து ஆண்டு கழித்து, திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தத் தோட்டத்தில் அடிமைகளாக இருப்பதை பேபர் என்ற கம்பெனி அதிகாரி கண்டுபிடித்தார். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மலபாரின் அடிமைமுறையைக் கண்டு கோபப்பட்ட அதே பயணி, பின்னால் இப்படி அம்பலமான ஒருவரிடம் தகவல் சேகரித்திருக்கிறார். அடிமைத்தனத்தை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற ஐந்தாம் சட்டம் வர 1843 ஆக வேண்டியிருந்தது. அதிலும் ஒரு பிடி நிலமோ நட்டஈடோ கிடையாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. நடுவில் உள்ள 133 ஆண்டில்தான் என் தாத்தா படியாளாக இருந்தார்.

யார் பதில் சொன்னார்கள் என்ற கேள்வி எனவே முக்கியம். புக்கானனின் கேள்விகள் நல்லவை. பதில்கள் பெரும்பாலும் நிலக்காரர்களும் அதிகாரிகளும் சொன்னவை, மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக வந்தவை. அளவு, விலை, பங்கு இவற்றில் அவர்கள் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. தங்கள் உரிமை என்று நினைத்து வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்த எண்களை நம்பலாம். ஆனால் அந்தச் சாணம் கலந்த தானியத்தை நீர்கண்டி வீட்டில் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. மூன்று தடவை அலச வேண்டும் என்பது அந்த மூன்று தொகுதிகளில் இல்லை. அது என் ஆயாவிடம்தான் இருந்தது.

கொல்லங்கோட்டுக்கு வெளியே ஒரு வயல் வரப்பில் நடவு முடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் பேசினோம். அவர்கள் தமிழ் புரிந்துகொள்வார்கள். புக்கானன் எழுதியதைச் சொல்லவில்லை, சாள என்ற சொல்லை மட்டும் கேட்டோம். ஒரு வயதான அம்மா தன் அம்மா அப்படி ஒன்றில்தான் பிறந்தார் என்றார். மழையில் கூரை பறந்தால் அடுத்த நாள் வேலை முடிந்த பிறகுதான் கட்ட முடியுமாம். அதுவரை பிள்ளைகளை நெற்போரின் ஓரத்தில் ஒட்டி உட்காரவைப்பார்களாம். போரின் வைக்கோலை உருவக்கூடாது, உருவினால் மறுநாள் தெரிந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார். போருக்குப் பக்கத்தில் குடிசை என்று புக்கானன் எழுதியதற்கு அந்தச் சிரிப்பைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் மனைப் பட்டா கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள் என்றார் அதிகாரி. தெரியாத காலத்திலிருந்து என்றோம். "அதெல்லாம் சொல்லக்கூடாது, ரெக்கார்டு இருக்கா?" என்றார். புக்கானனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பட்டா கிடைக்காது, அது எனக்குத் தெரியும். அவருடைய நூலில் எங்கள் ஊர் சர்வே எண் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் வெட்கப்பட்டு நின்றோம். ஆவணம் வைத்துக்கொள்ளாதது எங்கள் தவறு என்பதுபோல. ஒத்திப் பத்திரத்தில் பொருளாக எழுதப்பட்டவரிடம் பத்திரம் எப்படி இருக்கும்? எழுதிக்கொண்டவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். இதை அந்த மேசைக்கு எதிரே நின்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தின் வழியாக இப்படி யாராவது ஒரு பயணி, ஒரு சர்வேயர், ஒரு பாதிரியார் போயிருப்பார். அவர் குறிப்பில் கூலி, அளவு, குடிசை, சாப்பாடு, பெயர் இந்த ஐந்தும் வரும் இடங்களை மட்டும் நகலெடுங்கள். கோயிலையும் கோட்டையையும் விட்டுவிடுங்கள், அவற்றுக்கு ஆள் இருக்கிறது. பிறகு அந்த ஊர்ச் சேரியில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உட்காருங்கள். படிக்கு எத்தனை மரக்கால் கழித்தார்கள், மேரை என்றால் என்ன, களவாசம் யாருக்கு, தரை நெல்லுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். கூட்டிப் பெருக்கிய நெல்லுக்கு நாங்கள் இதுவரை மூன்று ஊர்களில் மூன்று வேறு சொற்களைக் கேட்டிருக்கிறோம். அகராதியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள், பெரியவர்கள் போய்விடுவார்கள்.

எங்களுடைய அடுத்த கட்டம் காவேரிபுரம் கணவாய். மைசூர் மலையிலிருந்து புக்கானன் காவிரிக் கரைக்கு இறங்கிய வழி அது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்தப் பகுதியின் பழைய ஊர்கள் பல நீருக்குள் போய்விட்டன. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், கூட்டமாகப் போய்ப் படம் எடுப்பார்கள். கோயில் எங்கே இருந்தது என்பது அப்படித் தெரிந்துவிடுகிறது. சேரி எங்கே இருந்தது, அங்கிருந்தவர்கள் எந்தக் கரையில் ஏறினார்கள் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதம் போகலாம் என்று இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். பேருந்துச் செலவு அவரவருடையது. சாப்பாட்டுக்கு அங்கே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.